சேவியர் சிஸ்டர்ஸின் இரண்டாம் குரல்

கடை திறந்ததும் வருகிற முதல் ஆளுக்கு ‘இல்லை’ என்று சொல்லக்கூடாது. யாழ்ப்பாணம் பெரியகடையில் புடவைக்கடை வைத்திருந்த என் அப்பா எனக்கு விட்டுப்போன சொத்து இது ஒன்றுதான். மிச்சமெல்லாம் கடையோடு எரிந்துபோயிற்று. முதல் ஆள் கேட்கிற சாமான் இல்லாவிட்டால் வேறொன்றை எடுத்து விரிக்கவேண்டும். சாமான் இருந்தும் விற்க மனமில்லாவிட்டால், கேட்டவர் கதிரையைப் பிடித்துக்கொள்கிற மாதிரி ஒரு விலை சொல்லவேண்டும். அவர் சிரிப்பார், இல்லையென்றால் திட்டுவார், எப்படியும் போய்விடுவார். வாயில் ‘இல்லை’ வராதபடியால் அன்றைய வியாபாரமும் கெடாது, சாமானும் அலுமாரியில் கிடக்கும். அம்மாவுக்குப் பிடித்த ஊதாச் சேலை ஒன்றை அப்பா இந்த வித்தையால் ஒன்பது வருடம் விற்காமல் வைத்திருந்தார். அம்மாவுக்குக் கொடுக்கவும் இல்லை. அது வேறு கதை.

மொன்றியலில், லாசால் பக்கத்தில் நான் வைத்திருக்கிற கடையில், எனக்கு இந்த வித்தை பலிக்கவில்லை. அதனால் வந்த நட்டம் கத்தரின் அன்ரியுடையது.

என் கடை பழைய சாமான் கடை. இறந்துபோனவர்களின் வீடுகளை ஒதுக்கிக் கொடுப்பது தொழில். பிள்ளைகள் வீட்டுத் திறப்பைத் தருவார்கள், நான் வான் வண்டியைக் கொண்டுபோய் கட்டில் முதல் கரண்டி வரை ஏற்றிவருவேன். செத்தவீடு முடிந்த பிள்ளைகளைப் போல அவசரக்காரர்களை நான் எந்தச் சந்தையிலும் கண்டதில்லை. மாதம் முடிவதற்குள் வீட்டைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பார்கள். அம்மாவின் தையல் மெசினை என்ன செய்வது என்று கேட்டால் கையைக் காட்டுவார்கள், ஈயை விரட்டுகிற மாதிரி.

கத்தரின் அன்ரி கடைக்கு இரண்டு தெரு தள்ளி, நாலாம் மாடியில் தனியே இருந்தார். வயது எண்பத்தொன்று. கிழமைக்கு இரண்டு தரம் வருவார், எல்லாவற்றுக்கும் விலை கேட்பார், எதையும் வாங்கமாட்டார். கண்ணாடிக் குவளையை வெளிச்சத்தில் பிடித்து, நான் சொன்ன விலையில் பாதியைச் சொல்லி, அதற்கு நான் ஓமென்றால் குவளையில் கீறல் இருக்கிறது என்பார். நல்ல ஆள். அப்படி ஆறு பேர் இருந்தால் கடையைப் பூட்டலாம். சாமான்களைத் தடவிக்கொண்டு நடக்கும்போது ஏதோ முனகுவார். அது பாட்டுப் போலவும் இருக்கும், பாட்டுக்குப் பக்கத்து வீட்டில் யாரோ நோகிறது என்று சொல்கிற மாதிரியும் இருக்கும். ஒரு நாளும் அது என்ன பாட்டென்று எனக்குப் பிடிபட்டதில்லை.

அன்ரி போகிற மாதா கோவிலிலும் இதே முறைப்பாடு. தமிழ்ப் பூசையில் பாடகர் குழுவை நடத்துகிற வலன்ரைன் மூன்று தரம் அவரைக் குழுவிலிருந்து பக்குவமாக இறக்கி, சனத்தோடு மர வாங்கில் இருத்தினார். அன்ரிக்குக் காது பழுது, எல்லாரும் ஒரு பக்கம் போக அவ ஒரு பக்கம் போறா என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

ஒக்ரோபர் முதல் கிழமையில், நகரின் வடக்கே அஹுன்ட்சிக்கில் இருந்த எமில்டா என்ற அம்மா இறந்துபோனார். மகன் றெனோல்ட் திறப்பைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போன அன்று பின்னேரம், கத்தரின் அன்ரி வந்தார். எந்தச் சாமானையும் தொடவில்லை. நேரே வந்து என் முன்னால் இருந்தார்.

“தம்பி இன்பம், எமில்டா என்ர அக்கா.”

எனக்குத் தெரியாது. மொன்றியலில் முப்பது வருடமாக இரண்டு பேரையும் தெரியும், இரண்டு பேரும் ஒரே கோவிலுக்கு வேறு வேறு பூசைக்குப் போகிறவர்கள் என்றும் தெரியும், சகோதரிகள் என்று தெரியாது. அதன்பிறகு ஒரு மணித்தியாலம் கதைத்தார். அவர் அவ்வளவு நேரம் விலை கேட்காமல் இருந்ததை நான் அன்றுதான் கண்டேன்.

கதை இதுதான். ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தொன்பதில் அக்காவுக்குப் பதினேழு, இவருக்குப் பதினைந்து. தகப்பன் சவிரிமுத்து மன்னார்ப் பக்கம் றெயில்வேயில் வேலை. பெண்கள் கொழும்பு கொட்டாஞ்சேனையில் மாமி வீட்டில் தங்கி கன்னியர்மடத்தில் படித்தார்கள். கொழும்பு வானொலியில் சனிக்கிழமை காலையில், ஒரு பிஸ்கற் கொம்பனியின் உபயத்தில், அரை மணித்தியாலம் கௌபோய்ப் பாட்டுப் போட்டார்கள். அதில் நேரே நின்று பாட ஆள் தேடினார்கள், இவர்கள் போனார்கள். அறிவிப்பாளரின் வாய்க்குள் சவிரிமுத்து போகவில்லை. அவர் ‘சேவியர் சிஸ்டர்ஸ்’ என்று பெயர் வைத்தார். பதினொரு மாதம், கிழமைக்கு மூன்று பாட்டு. குதிரை, சிறைச்சாலை, விஸ்கி, ஓடிப்போன பெண்சாதி. கன்னியர்மடத்து வெள்ளைச் சட்டையோடு நின்று விஸ்கியைப் பற்றி அவ்வளவு உருக்கமாகப் பாடினார்களாம். விஸ்கி ஒரு ஊரின் பெயர் என்று கத்தரின் அன்ரி கனகாலம் நினைத்திருந்தார்.

அக்கா மெட்டைப் பாடுவார். இவர் இரண்டாம் குரல், அதாவது மெட்டுக்குக் கீழே, மெட்டோடு போகாமல், மெட்டை விட்டு விலகாமல், கூடவே வருகிற குரல்.

“அது தனியக் கேட்டால் பிழையாப் பாடுற மாதிரித்தான் இருக்கும். மேல அக்கா வந்தால்தான் அது பாட்டு. அவ இல்லாமல் நான் வெறும் முனகல்.”

அப்போதுதான் எனக்கு அந்த முனகல் விளங்கியது. அறுபத்தைந்து வருடமாக இந்த மனுசி ஒரு பாட்டின் கீழ்ப்பாதியைக் காவிக்கொண்டு திரிகிறது. அக்காவின் பகுதியைப் பாடிக்காட்டச் சொன்னேன். இரண்டு சொல்லுக்குப் பிறகு குரல் தானாகவே வழுக்கிக் கீழே போய்விட்டது. அவருக்கு அது வரவே வராது.

கடைசிச் சனிக்கிழமை, வானொலியில் ஒலிப்பதிவு செய்கிறவர் ஒரே ஒரு இசைத்தட்டு வெட்டிக் கொடுத்தார். அலுமினியத்தில் கறுப்புப் பூச்சுப் பூசிய தட்டு. அதில் எமில்டா கட்டிய பாட்டு ஒன்று: தலைமன்னாருக்குப் போகிற றெயில் தன் ஸ்ரேசனில் நிற்காமல் போவதைப் பார்க்கிற ஒரு பெண். தமிழ்ச் சொல், கௌபோய் மெட்டு. அந்த மனிதர் எச்சரித்துத்தான் கொடுத்தாராம்: இது கடைத் தட்டு மாதிரி இல்லை, ஊசி வைக்கிற ஒவ்வொரு தரமும் கொஞ்சம் உரியும், ஆசைக்குப் போட்டுத் தேய்க்காதேயுங்கோ. தட்டு அக்காவோடு போனது. கலியாணம், இடப்பெயர்வு, கொழும்பு, மொன்றியல் என்று எல்லாவற்றுக்கும் போனது.

தொண்ணூற்றாறில் கோவில் ஒன்றுகூடலில் எமில்டா மேடையில் பாடினார். அந்தக் காலத்து வானொலி பற்றி யாரோ கேட்டார்கள். நான்தான் பாடினனான், தங்கச்சி துணைக்கு வாறவள் என்று ஒலிபெருக்கியில் சொன்னார். கத்தரின் அன்ரி சாப்பாட்டு வரிசையில் கோப்பையோடு நின்றார். அன்றைக்கு நின்றதுதான் கதை பேச்சு. இருபத்தொன்பது வருடம்.

“ஆனால் அக்காவில பிழையில்லை,” என்றார். “பாடேக்க அவவுக்குத் தன்ர குரல் மட்டும்தான் கேக்கும். தட்டை ஒருக்காப் போட்டுக் கேட்டிருந்தால் விளங்கியிருக்கும். தேய்ஞ்சிடுமெண்ட பயத்தில அவ போட்டிருக்கமாட்டா. எனக்குத் தெரியும் அவவை. கேட்டிருந்தால் அப்பிடிச் சொல்லியிருக்கமாட்டா.”

அந்த ஒரு நியாயத்தில்தான் அவர் அக்காவை மன்னித்து வைத்திருந்தார். செத்தவீட்டில் பின்வரிசையில் இருந்துவிட்டு வந்ததும், முப்பத்தோராம் நாள் பூசைக்குப் போக நினைத்ததும் அதனால்தான். அவர் என்னிடம் கேட்டது அந்தத் தட்டு மட்டும். அதை யாராவது ஒரு ஆள், வலன்ரைன் என்றாலும் சரி, பக்கத்தில் இருந்து கேட்கவேண்டும். தான் பிழையாகப் பாடவில்லை என்று ஒரு காதுக்காவது தெரியவேண்டும். தான் வருமட்டும் ஊசி வைக்கவேண்டாம் என்றார். ஓம் என்றேன்.

தட்டு அகப்பட்டது. அலுமாரியில், குருத்தோலைச் சிலுவைக்குக் கீழே, தலையணை உறைக்குள். நடுவில் மையால் ‘சேவியர் சிஸ்டர்ஸ், வெஸ்ரேர்ன்’ என்று ஆங்கிலத்தில். வெள்ளிக்கிழமை கடைக்குக் கொண்டுவந்து மேசைக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்தேன். பாரமில்லாத ஊசியுள்ள நல்ல பாட்டுப்பெட்டி ஒன்றையும் ஒதுக்கி வைத்தேன். ஒரே தரம் போட்டு அப்படியே ரெலிபோனில் ஒலிப்பதிவாகப் பிடித்துவிடுவது என் திட்டம். அன்ரிக்கு அறிவித்தேன். சனி மத்தியானம் வாறன் என்றார்.

சனி காலை பத்து மணிக்குக் கதவைத் திறந்தேன். வாசலில் ஒருவர் நின்றார். வெள்ளைத் தாடி, விலையுயர்ந்த மழைச்சட்டை, இல்-பிசார் தீவில் வீடு, பல் வைத்தியராக இருந்து ஓய்வுபெற்றவர். எல்லாம் அவரே சொன்னார். பொன்ஜூர் என்றார், சுற்றிப் பார்த்தார், என் தோளுக்கு மேலால் தட்டைக் கண்டார். அது என்ன என்று கேட்டார்.

அந்த நேரத்தில் எந்த மனிதனும் ‘அது விற்கிறதுக்கு இல்லை’ என்று சொல்வான். மூன்று சொல். என் பிரெஞ்சில்கூட அந்த மூன்று சொல்லும் இருக்கிறது. ஆனால் அவர் முதல் ஆள். என் வாய் என்னைக் கேட்காமல் அப்பாவின் வேலையைச் செய்தது. ஒரு விலை சொன்னேன். அந்த விலையை இங்கே எழுதமாட்டேன். அந்த விலைக்கு ஒரு நல்ல குளிர்சாதனப் பெட்டியும் அதை மாடிக்கு ஏற்றுகிற இரண்டு ஆட்களும் கிடைப்பார்கள். அவர் சிரிப்பார், போவார் என்று காத்திருந்தேன்.

அவர் சரி என்றார்.

பேரம் பேசத் தெரியாத சனங்களோடு வியாபாரம் செய்வதில் இருக்கிற ஆபத்தை அப்பா எனக்குச் சொல்லித்தரவில்லை. பெரியகடையில் அப்படி ஒரு ஆளை அவர் கண்டதில்லை. மனிதர் காசை எண்ணி மேசையில் வைத்துவிட்டு, தலையணை உறையோடு தட்டை எடுத்தார். சொன்ன விலைக்கு ஆள் ஒத்துக்கொண்டபிறகு சாமானைப் பின்னுக்கு இழுப்பவனை எங்கள் ஆட்கள் வியாபாரி என்று சொல்வதில்லை. இது உண்மை. அது நல்ல விலை என்பதும் உண்மை. இரண்டில் எது என் கையைப் பிடித்தது என்று இன்றுவரை நான் விசாரிக்கவில்லை.

மத்தியானம் அன்ரி வந்தார். பூப்போட்ட சேலை உடுத்தியிருந்தார். பெட்டிகள் கலந்துபோய்விட்டன, தட்டு எந்தப் பெட்டியில் என்று தேடவேண்டும் என்றேன். நேற்று அகப்பட்டது என்று சொன்னாயே என்று அவர் கேட்கவில்லை. பெட்டிகளைப் பார்த்தார். பேந்து வாறன் என்று போனார். பிறகு நாலு தரம் வந்தார். நாலு தரமும் பெட்டி. நான் இல்-பிசாருக்கு இரண்டு தரம் போய், பெயர் தெரியாத ஒரு பல் வைத்தியரை வீடு வீடாகப் பார்த்துத் திரும்பினேன். அங்கே வீடுகளெல்லாம் ஒன்றை விட்டு ஒன்று தள்ளி, யாரும் யாரையும் தெரியாத மாதிரி நிற்கின்றன.

இரண்டு கிழமையால் பல் வைத்தியரே வந்தார். தட்டை மேசையில் வைத்து, இதில் ஒன்றுமில்லை என்றார்.

அவருடைய வீட்டில் கையால் சுற்றுகிற பழைய கிராமபோன் ஒன்று இருக்கிறதாம். அதில் இரும்பு ஊசி. சனிக்கிழமை இரவே விருந்தாளிகளுக்குப் போட்டுக் காட்டினார். அற்புதம் என்றார். “இரண்டு பெண்கள். ஒருத்தி மேலே, ஒருத்தி கீழே. கீழே இருக்கிறவள் இல்லாவிட்டால் மேலே இருக்கிறவள் விழுந்துவிடுவாள்.” எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நாலாம் தரம் இரைச்சல் வந்தது. பத்தாம் தரம் இரைச்சல் மட்டும்தான். நீ பழுதான சாமானை விற்றாய் என்றார். யாராவது ரெலிபோனில் பிடித்தார்களா என்று கேட்டேன். பழைய தட்டை ரெலிபோனில் கேட்பது அநாகரிகம் என்பது அவர் கருத்து.

‘விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படமாட்டாது’ என்று மூன்று பாசையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிற பலகைக்குக் கீழே நின்று, காசை முழுதாகத் திருப்பிக் கொடுத்தேன்.

அன்று பின்னேரமே தட்டையும் பாட்டுப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு நாலாம் மாடிக்குப் போனேன். படியில் யோசித்துக்கொண்டு போனேன். என்னிடம் இரண்டு சரக்கு இருந்தது. ஒன்று உண்மை. உங்கள் குரல்தான் அக்காவைத் தாங்கியது என்று ஒரு அந்நியன், உங்களைத் தெரியாதவன், தன் காதால் கேட்டுச் சொன்னான். அவர் அறுபத்தைந்து வருடமாகத் தேடிய சாமான் அது. ஆனால் அதைக் கொடுப்பதென்றால் அந்த அந்நியன் எங்கிருந்து வந்தான் என்றும் சொல்லவேண்டும். மற்றச் சரக்கு என்னிடம் தயாராக இருந்தது, பார்வைக்கும் நன்றாக இருந்தது.

பெட்டியை வைத்து ஊசியை இறக்கினேன். இரைச்சல். சட்டிக்குள் எண்ணெய் பொரிகிற சத்தம். அன்ரி குனிந்து காதைக் கிட்ட வைத்தார். மூன்று தரம் போடச் சொன்னார். மூன்றாம் தரம் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

“இதென்னெண்டு இப்பிடித் தேய்ஞ்சது?”

“அக்கா போட்டுக் கேட்டிருக்கிறா அன்ரி,” என்றேன். “ஒவ்வொரு நாளும் போட்டிருக்கவேணும். உங்கட குரலைக் கேக்கிறதுக்குத்தானே.”

நல்ல சாமான் ஒன்றை நல்ல ஆளின் கையில் கொடுத்தவன் போல நான் நின்றேன். அவர் கண் கலங்கும், ஆறுதலாகும் என்று எதிர்பார்த்தேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக, கணக்குப் பார்க்கிறவர் போலச் சொன்னார்.

“அப்ப அவவுக்குத் தெரிஞ்சிருக்கு. ஒவ்வொரு நாளும் கேட்டிருக்கிறா. கேட்டுப்போட்டும் துணைக்கு வந்தவள் எண்டுதான் சொன்னவ. ஒருக்காலும் ரெலிபோன் எடுக்கேல்லை.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய்க்குள் அந்தப் பல் வைத்தியரின் வசனம் பிரெஞ்சில் நின்றது. தேத்தண்ணி குடிக்கிறியோ என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லி வந்துவிட்டேன்.

நவம்பரில் முப்பத்தோராம் நாள். நான் சைவக்காரன் என்றாலும் எங்களுக்கும் முப்பத்தொன்று உண்டு, போனேன். எமில்டாவின் படம் பூவோடு இருந்தது. கத்தரின் அன்ரி வரவில்லை. சித்திக்குச் சுகமில்லையோ என்று றெனோல்ட் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். பாட்டு ஒரே குரலில் நேராகப் போனது. வெளியே வந்து சப்பாத்தில் பனியைத் தட்டும்போது வலன்ரைன், இன்றைக்குத்தான் பாட்டுச் சுத்தமாக வந்தது என்றார்.

அதற்கு அடுத்த சனி, கதவைத் திறக்கும்போது வாசலில் அன்ரி நின்றார். அன்றைய முதல் ஆள். தலையணை உறையிலிருந்து தட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

“எனக்கு இது வேண்டாம். என்ன விலைக்கு எடுப்பாய்?”

பல் வைத்தியரிடம் வாங்கித் திருப்பிக் கொடுத்த அதே விலையைச் சொன்னேன். கொடுத்துவிட்டால் ஏதோ தீரும் என்று நினைத்திருக்கவேண்டும். ஆனால் நான் விலை சொன்னது, முப்பது வருடமாக என்னிடம் விலை கேட்கிற மனுசிக்கு. அவர் கையுறையைக் கழற்றுவதை நிறுத்தினார்.

“நீ ஒரு சாமானையும் கூட்டி வாங்கினதில்லை. சத்தம் வராத தட்டுக்கு இந்த விலை உனக்கு எங்கால வந்தது?”

நான் மேசையைத் துடைத்தேன்.

“ஆருக்கு வித்தனி, இன்பம்?”

சொன்னேன். காலை பத்து மணி, பல் வைத்தியர், விருந்து, இரும்பு ஊசி, பத்துத் தரம். கடைசியாக அந்த மனிதர் சொன்னதையும் சொன்னேன். மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி. அதை இன்னொருக்காச் சொல் என்றார். சொன்னேன். அந்த ஆளுக்கு மெட்டு நினைவிருக்குமோ என்று கேட்டார். பெயரும் தெரியாது, நம்பரும் தெரியாது என்றேன். தலையை ஆட்டினார், கீறல் விழுந்த குவளையை வைக்கிற மாதிரி.

“அப்ப அக்கா அதைப் போடவேயில்லை.”

“இல்லை அன்ரி.”

முதல் ஆளுக்கு நான் இல்லை என்று சொன்னது அன்றைக்குத்தான்.

தட்டை உறைக்குள் போட்டார். உறையின் வாயை மடித்தார், அது நிற்கவில்லை, திரும்பவும் மடித்தார்.

“நான் அவவின்ர முப்பத்தொண்டுக்குப் போகேல்லை,” என்றார்.

கதவைத் திறந்துகொண்டு போனார். தட்டைக் கமக்கட்டுக்குள் இடுக்கிக்கொண்டு, பனியில் காலைப் பார்த்துப் பார்த்து வைத்து, தன் தெருவுக்குத் திரும்பினார். வாயில் அந்த முனகல் இல்லை.

அன்று முழுக்கக் கடையில் நல்ல வியாபாரம்.